பெயர்த்தெடுத்த காகிதப்பூ: போன்சாய் பழகுவோருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய்கண்டிகையிலும் கவரைப்பேட்டையைச் சுற்றியும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் பலர் போன்சாய் பழக ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நர்சரியில் கன்று வாங்கி வளர்ப்பது ஒரு வழி. மண்ணில் பல ஆண்டு நின்று முதிர்ந்த புதரைப் பெயர்த்தெடுத்து வடிவமைப்பது இன்னொரு வழி. மலையிலிருந்து அப்படி எடுத்துவரும் மரத்தை ஜப்பானியர் யமடோரி என்பார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் வேலியோரத்து ஹனிசக்கிள் புதரை எடுப்பார்கள்; உரிந்து தொங்கும் பட்டையும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணமும் அதற்கு உண்டு. நம் வெயிலில் அந்தச் செடி தாங்காது. நமக்கு அந்த இடத்தில் இருப்பது காகிதப்பூ. 1767-இல் பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் இறங்கிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமர்சோன் இதைச் சேகரித்து, தன் கப்பல் பயணத்தின் தலைவரான பூகன்வில்லின் பெயரை வைத்தார். இன்று நம் பகுதியில் ஆலைச் சுற்றுச்சுவர், நெடுஞ்சாலையின் நடுத்திட்டு என எங்கும் இதுதான் நிற்கிறது. ஆலை விரிவாகும்போதும் சாலை அகலமாகும்போதும் தொடை பருமன் கட்டைகளை ஜேசிபி பிடுங்கிக் குப்பையில் கொட்டுகிறது.

அந்தக் கட்டையின் பருமன், வளைவு, பட்டை எல்லாம் வெயிலும் வறட்சியும் கொடுத்தவை. நாம் கொடுத்தவை அல்ல. முதலில் அதைப் பிழைக்க வைக்க வேண்டும். பிறகு, அதனிடம் ஏற்கெனவே இருப்பதைக் கெடுக்காமல் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டு பொறுப்புகளிலிருந்து வருபவைதான்.

1. அழியப்போகும் செடியை மட்டும் எடுங்கள்.

போன்சாய்க்கு ஏற்ற மரங்கள் நம் பக்கத்துப் புதர்க்காடுகளில் நிறைய உண்டு. உலகம் முழுக்கப் போன்சாய்க் கடைகளில் ஃபுகியன் டீ என்று விற்கிறார்களே, அது நம் குருவிச்சிதான். பிராய், காரை, கடலோரத்து முன்னை எல்லாமே அழகான போன்சாய் ஆகும். ஆனாலும் காட்டில் கை வைக்காதீர்கள். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-லிருந்தே இருக்கிறது. காப்புக்காட்டில் செடியைப் பிடுங்குவது குற்றம். சட்டத்தை விடுங்கள், வறட்சியைத் தாங்கி நிற்கும் ஒரு பிராய்ப் புதரை நம்பிப் பறவைகளும் பூச்சிகளும் வாழ்கின்றன. அதைப் பிடுங்கி வீட்டு மாடியில் வைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

ஆலை வளாகத்தில் வேலி பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால், நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட் பாஸில் ‘வேரோடு காகிதப்பூக் கட்டை, எண்ணிக்கை இத்தனை’ என்று எழுதி வாங்குங்கள். செக்யூரிட்டியிடம் நயந்து பேசி வெளியே கொண்டுவரும் செடி பிறகு உங்கள் வேலைக்கே வினையாகும். புறம்போக்கு நிலம் என்றால் ஊராட்சியிலோ வி.ஏ.ஓ.விடமோ கேட்டுவிட்டு எடுங்கள்.

2. பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகமாகப் பூத்திருக்கும் செடியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பூவை எந்தச் செடியிலும் வரவழைக்கலாம். பருத்த அடிமரத்தைத் தொட்டியில் வரவழைக்க முடியாது. அது தரையில் மட்டும்தான் பருக்கும். எனவே மண்வெட்டியை வைக்கும் முன், அடிமரத்தைச் சுற்றி நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கையால் விலக்குங்கள். மண்ணுக்குள் போகப் போக அடி அகலமாகிறதா? வேர்கள் ஒரே பக்கம் ஓடாமல் நாலா பக்கமும் பிரிகின்றனவா? மேலே போகப் போகக் கட்டை ஒடுங்குகிறதா? இந்த மூன்றில் இரண்டு இருந்தால் எடுக்கலாம். ஒன்றும் இல்லாமல் குழாய்போல் நேராக நிற்கும் கட்டையை வேறு யாருடைய வேலிக்காவது கொடுத்துவிடுங்கள்.

இலையையும் கவனியுங்கள். சிறிய இலையும் நெருக்கமான கணுவும் உள்ள வகை போன்சாய்க்கு எளிது. அகன்ற இலையும் முரட்டு முள்ளும் நீண்ட கணு இடைவெளியும் கொண்ட வகையைப் பெரிய உருவத்தில்தான் அமைக்க முடியும்.

3. பருவம் பார்த்து எடுங்கள்.

தை, மாசியில் எடுக்கலாம். ஆனி, ஆடியிலும் எடுக்கலாம். மே 4 முதல் 28 வரையிலான அக்னி நட்சத்திரத்தில் தோண்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதும் வேண்டாம். வெட்டுக்காயம் காயாமல் கட்டை அழுகிவிடும். ஜேசிபி நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து வராது என்பது உண்மைதான். கோடையில் காப்பாற்ற நேர்ந்தால் பச்சை நிழல்வலையின் கீழே வையுங்கள். மழையில் என்றால் கூரைக்கு அடியில் வைத்து, வெட்டுகளை நன்றாகக் காயவிட்டு நடுங்கள்.

4. வேரைவிடக் கட்டையைக் கவனமாகத் தூக்குங்கள்.

முதலில் மேல்கிளைகளைக் கழியுங்கள். முள் ஆழமாகக் குத்தும்; வெல்டிங் வேலைக்குப் போடும் தோல் கையுறை இதற்கு நல்லது. பிறகு அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் பள்ளம் எடுத்து, பருத்த வேர்களைக் கைரம்பத்தால் அறுங்கள். கடப்பாரையால் நெம்பாதீர்கள். காகிதப்பூவின் வேர் எளிதில் முறியும். நெம்பினால் அடிமரம் வரைக்கும் பிளந்துவிடும்.

தாய்மண் உதிர்ந்துவிட்டதே என்று பதற வேண்டாம். முதிர்ந்த காகிதப்பூக் கட்டை, சல்லிவேர் ஒன்றுமில்லாமலேகூட வெட்டிய இடத்திலிருந்து புதுவேர் விடும். வேர்முனைகளைக் கூர்கத்தியால் வழவழப்பாகச் சீவுங்கள். கட்டையின் உச்சியை, வடிவத்துக்கு வேண்டிய அளவைவிட மூன்று விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். வெட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு பகுதி காய்ந்து பட்டுப்போவது இதன் இயல்பு. வெட்டுவாயில் போர்டோ பசையைத் தடவி, ஈரச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

5. முதல் வீடு செங்கல் ஜல்லியாக இருக்கட்டும்.

தோட்டத்து மண் வேண்டாம். நீர் தேங்கி அழுகும். திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளுக்குக் குறைவில்லை. அங்கே கிடக்கும் உடைசலை வாங்கிவந்து நொறுக்கி, சலித்துத் தூளைக் கொட்டிவிட்டு, மிளகு முதல் பட்டாணி வரையிலான அளவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. முதல் ஆண்டுக்கு இது போதும். எருவோ உரமோ இப்போது வேண்டாம்.

நம் பகுதிக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். உருக்காலைகளில் கிடைக்கும் கசடு பார்ப்பதற்கு நல்ல ஜல்லிபோல இருக்கும். அதில் காரத்தன்மை அதிகம், வேரைக் கெடுக்கும். நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக வைக்கிறவர்கள், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரசாயனம் இருந்த டிரம் செடிக்கும் ஆகாது, அதைக் கழுவும் கைக்கும் ஆகாது.

6. துளிரை நம்பி ஏமாறாதீர்கள்.

அதிகம் பேர் செடியை இழப்பது இங்கேதான். நட்ட இரண்டு மூன்று வாரத்தில், கரடுமுரடான பட்டையின் மடிப்புகளில் குண்டூசித் தலை அளவுக்குச் செம்புள்ளிகள் தெரியும். தொட்டால் கெட்டியாக இருக்கும். சில நாளில் ஒவ்வொன்றும் இரண்டு சின்னஞ்சிறு இலைகளாகப் பிரியும். ஓரம் சிவப்பு, நடுவில் பச்சை, மேலெல்லாம் மெல்லிய ரோமம். பார்க்கப் பார்க்க மனம் நிறையும். உடனே தொட்டியை வெயிலுக்கு நகர்த்துவார்கள், உரம் வைப்பார்கள். பத்து நாளில் எல்லாத் துளிரும் தொங்கிவிடும்.

காரணம் எளியது. கட்டைக்குள் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. ஆலை மூடிய பிறகும் சிறிது காலம் கையிருப்பில் ஓடும் குடும்பத்தைப்போல, வேரே இல்லாமல் அந்தச் சேமிப்பை வைத்து முதல் துளிர் வருகிறது. புதுவேர் ஓடுவதற்குள் சேமிப்பு தீர்ந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே முதல் துளிரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நீண்டு, இலை முற்றி, அதற்கு மேல் இரண்டாவது கொழுந்து ஓடினால்தான் வேர் பிடித்திருக்கிறது என்று பொருள். அதுவரை பாலித்தீன் உறையால் மூடி நிழலில் வையுங்கள். கட்டையை அசைத்துப் பார்க்காதீர்கள்; தலைமயிர் போன்ற புதுவேர் அந்த ஓர் அசைவில் அறுந்துபோகும். உறையை ஒரே நாளில் எடுக்காமல், தினம் கொஞ்சம் திறந்து பழக்குங்கள்.

முதல் ஆண்டு முழுவதும் ஒரு கிளையையும் வெட்ட வேண்டாம். ஒவ்வோர் இலையும் வேருக்குச் சோறு போடுகிறது.

7. உங்கள் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் கலப்பது 1960களின் கடைசியிலிருந்தே பதிவாகியிருக்கிறது. அந்தப் பகுதி போர்வெல் நீரைத் தொடர்ந்து ஊற்றினால் இலை ஓரம் கருகும், ஜல்லியின் மேல் வெள்ளைப் பூச்சுப் படியும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரில் உப்பு இன்னும் கூடுதல். அது கூடவே கூடாது. மழைநீரைப் பிடித்து வையுங்கள். வேறு வழியில்லை என்றால், வாரம் ஒருமுறை அடித்துளை வழியாக நீர் தாராளமாக ஓடும்படி ஊற்றி உப்பைக் கழுவுங்கள்.

ஷிப்டு மாறும்போது நீர் ஊற்றும் நேரமும் மாறும். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை ஜல்லியில் செருகி வைத்து, உருவிப் பாருங்கள். ஈரமாக வந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்து வந்தால் ஊற்றுங்கள். இரவு ஷிப்டு வாரத்தில் இந்தப் பொறுப்பை வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள்.

8. கத்தரியை எடுக்கும் முன் முன்பக்கத்தைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாம் ஆண்டில் வடிவம் தொடங்கலாம். விடுமுறை நாளில் தொட்டியைக் கண்மட்டத்தில் ஒரு மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். அடிமரம் எங்கிருந்து பார்த்தால் அகலமாகத் தெரிகிறது, வளைவு எந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது, பெரிய வெட்டுத்தழும்பு எங்கே மறைகிறது என்று பாருங்கள். உச்சி உங்களை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தால் நல்லது. முடிவு செய்ததும் தொட்டியில் சாக்கட்டியால் குறியிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதுவே சரி என்று பட்டால் தொடங்குங்கள்.

மாதிரிக்கு ஜப்பானியப் பைன் மரப் படங்களைத் தேட வேண்டாம். கலிபோர்னியாவில் பலருக்குப் போன்சாய் கற்றுக்கொடுத்த ஜான் நாகா, ஜப்பானிய வழியில் தேர்ந்தவராக இருந்தும், அந்த மண்ணின் ஜூனிபர் மரங்களை எடுத்து வேலை செய்தார். நாமும் நம் மரங்களைப் பார்ப்போம். பழைய ஜி.என்.டி. சாலையோரத்துப் புளியமரங்களில் மிஞ்சியவற்றின் அடியில் நின்று பாருங்கள். கீழ்க்கிளை எந்த உயரத்தில் பிரிகிறது, பிரிந்தபின் எப்படித் தாழ்ந்து மறுபடி எழுகிறது, கிளைக்கும் கிளைக்கும் நடுவே வானம் எவ்வளவு தெரிகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். காகிதப்பூவுக்குக் குடைபோல விரிந்த அந்த உச்சி இயல்பாகப் பொருந்தும். ஒரே அடியிலிருந்து பல தண்டு எழுந்திருந்தால், மூன்றையோ ஐந்தையோ வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்பவற்றைக் கழியுங்கள்.

9. இளங்கிளைக்குக் கம்பி, முதிர்ந்த கிளைக்குக் கத்தரி.

காகிதப்பூவின் முற்றிய கிளை வளையாது, ஒடியும். முழுப்பச்சையாக இருக்கும் தளிரும் கணுவில் கழன்று வந்துவிடும். பச்சை மறைந்து பழுப்பு ஏறத் தொடங்கும் சில வாரங்கள்தான் கம்பி சுற்ற ஏற்ற நேரம். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள அலுமினியக் கம்பியை எடுத்து, 45 டிகிரி சாய்வில், முள்ளின் அடியை நசுக்காமல் சுற்றுங்கள். வளைக்கும்போது கட்டைவிரலை வளைவின் உட்பக்கத்தில் அண்டக் கொடுங்கள். மழைக்காலத்தில் கிளை வேகமாகப் பருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, கம்பி பட்டையில் பதியும் முன் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுழற்றி உருவினால் கிளை ஒடியும்.

மற்ற எல்லாவற்றையும் கத்தரியே செய்துவிடும். கிளையை நன்றாக ஓடவிட்டு, வேண்டிய பருமன் வந்ததும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். வெட்டும் முன் கடைசிக் கணுவை உற்றுப் பாருங்கள்: முள்ளுக்கும் இலைக்காம்புக்கும் அருகே ஒரு சிறு மொட்டு ஒட்டியிருக்கும். அது எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் அடுத்த கிளை போகும். மேல்நோக்கிய மொட்டில் வெட்டினால் விறைத்த குச்சி வரும்; வெளிப்புறம் பார்க்கும் மொட்டில் வெட்டினால் கிளை பக்கவாட்டில் விரியும். ஒவ்வொரு வெட்டிலும் கிளை கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் ஒடுங்கும். இப்படி நாலைந்து முறை ஆனபின் அதில் முதுமை தெரியும். கீழ்க்கிளைகளை மட்டும் அதிக நாள் ஓடவிடுங்கள்; இந்தச் செடி உச்சிக்கே பலத்தைக் கொடுக்கும், கீழே மெலியும்.

10. பட்ட மரத்தைப் பளிச்சென்று காட்ட ஆசைப்படாதீர்கள்.

ஜூனிபர் மரத்தில் வெள்ளை வெளேரென்று பட்ட கட்டையைச் செதுக்கிவைத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரம் பிசின் நிறைந்தது, கெட்டி. காகிதப்பூவின் கட்டை அப்படியல்ல. அதை அறுத்துப் பார்த்தால், மரமும் மென்மையான திசுவும் மாறி மாறி அடுக்கடுக்காக இருப்பது தெரியும். அந்த மென்பகுதி ஈரம் பட்டதும் மக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட குச்சி சில மழைக்காலம்கூடத் தாங்காது.

அதனால் அழுகலை எதிர்த்துப் போராடாமல், பொந்தாக மாற்றுங்கள். நொய்ந்த பகுதியைக் கெட்டி மரம் வரும் வரை சுரண்டி எடுங்கள். உள்ளே நீர் தேங்காதபடி சாய்வு கொடுங்கள், தேவையானால் பின்பக்கம் ஒரு வடிகால் துளை போடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மரத்தைக் கெட்டிப்படுத்தும் திரவத்தைப் பூசுங்கள். உயிருள்ள பட்டை அந்தப் பொந்தின் உதட்டைச் சுற்றி உருண்டு வளரும். நம் ஊர்ப் பழம்புளியின் பொந்துக்கு உள்ள கம்பீரம் அதற்கும் வரும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் பொந்தைத் தட்டிப் பாருங்கள். மெத்தென்ற ஓசை கேட்டால் மறுபடி சுரண்டுங்கள்.

11. பூ கடைசியில் வரட்டும்.

நாம் பூ என்று சொல்லும் வண்ணத்தாள்கள் பூவடி இலைகள். உள்ளே குழாய்போல் இருக்கும் மூன்று சிறு வெள்ளைகள்தான் பூக்கள். அவை புதுக்கிளையின் நுனியில் வருபவை. ஆகவே கிளை அமைப்பு முடியும்வரை, பூ வரும் நுனியைத் தயங்காமல் வெட்டுங்கள். அமைப்பு முடிந்தபின், நாளெல்லாம் வெயில் படும் இடத்தில் வைத்து, தழைச்சத்து உரத்தை நிறுத்தி, இலை லேசாகத் துவளும்வரை நீரைக் குறையுங்கள். துவண்டதும் ஊற்றுங்கள். சில முறை இப்படிச் செய்தால் மொட்டு கட்டும். பூத்து முடிந்ததும் பழைய அளவுக்குக் கவாத்து செய்யுங்கள்.

ஆலைத்தூசி இலையில் படிந்தால் வெளிச்சம் குறையும். காலையில் நீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். இலை ஓரத்தை அரிக்கும் பச்சைப்புழுவை மாலையில் கையால் பொறுக்கிவிடலாம். ஆழம் குறைந்த போன்சாய்த் தொட்டிக்கு மாற்றுவதெல்லாம் கிளைகள் அமைந்த பிறகுதான். சீக்கிரம் மாற்றினால் வளர்ச்சி நின்று, கிளைகள் என்றைக்கும் குச்சியாகவே இருந்துவிடும்.

12. வெட்டிய குச்சிகளை மண்ணுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

ஒவ்வொரு கவாத்திலும் பென்சில் பருமன் குச்சிகள் மிஞ்சும். அவற்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஆடி மாதத்தில் நர்சரிப் பைகளில் நட்டு நிழலில் வையுங்கள். எல்லாம் பிழைக்காது, பிழைப்பதே போதுமான அளவு இருக்கும். அவற்றில் சிலவற்றை, கட்டையைக் கொடுத்த ஆலையின் புது வேலிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். தோட்டக்காரரிடம் நேரில் கொடுத்து, எந்தச் செடியின் பிள்ளை இது என்று சொல்லுங்கள். வளர்ந்துவரும் போன்சாயையும் ஒருநாள் அவருக்குக் காட்டுங்கள். அடுத்த முறை அங்கே வேலி பிரிக்கும்போது, ஜேசிபி உள்ளே வருவதற்கு முன்பே உங்களுக்குப் போன் வரும்.